விடியும் முன் ஒலிக்கும் பள்ளி மணி

2026ஆம் ஆண்டின் பள்ளித் தவணை பினாங்கில் ஜனவரி 12ஆம் தேதி தொடங்கியது. 2022 முதல் மார்ச், பிப்ரவரி என்று தள்ளிப்போயிருந்த பள்ளி ஆண்டு ஒருவழியாக ஜனவரிக்கே திரும்பிவிட்டதில் பெற்றோர் பலருக்கு நிம்மதி. ஆனால் ஒரு சின்ன விவரம் அதிகம் பேசப்படவில்லை. அந்தத் திங்கட்கிழமை பினாங்கில் சூரியன் உதித்தது ஏறக்குறைய காலை 7.30க்கு. காலைப் பிரிவு மாணவர்கள் வகுப்பில் இருக்க வேண்டிய நேரமும் ஏறக்குறைய அதுவே. ஜனவரி இறுதியிலும் பிப்ரவரி தொடக்கத்திலும் சூரியன் இன்னும் சில நிமிடங்கள் தாமதிக்கிறது. ஆண்டிலேயே வெளிச்சம் மிகத் தாமதமாக வரும் வாரங்களில்தான் இனி நம் பள்ளி ஆண்டு தொடங்கப்போகிறது.

ஜெலுத்தோங்கின் அடுக்குமாடி வீடுகளுக்குக் கீழே காலை 6.15 மணிக்கு நின்று பாருங்கள். தெருவிளக்கு வெளிச்சத்தில் பள்ளிப் பையை மடியில் வைத்துக்கொண்டு வேனுக்காகக் காத்திருக்கும் பிள்ளைகள் கண்ணில் படுவார்கள். அவர்களில் பாதிப் பேர் வேன் ஏறியதும் சன்னலில் தலை சாய்த்து மீண்டும் தூங்கிவிடுவார்கள். "ராத்திரியெல்லாம் போனைப் பார்த்துட்டுக் காலையில தூங்குமூஞ்சியா கிடக்கிறது" என்று வீட்டில் திட்டு விழும். அந்தத் திட்டில் உண்மை இல்லாமல் இல்லை. 16 வயதுக்குட்பட்டவர்கள் சமூக ஊடகக் கணக்கு வைத்திருப்பதை 2026 முதல் தடுக்கப்போவதாக அரசாங்கம் கடந்த நவம்பரில் அறிவித்தபோது, பிள்ளைகள் இனியாவது நேரத்தோடு தூங்குவார்கள் என்று நம்பிய பெற்றோரும் உண்டு.

ஆனால் தூக்கத்துக்கு இரண்டு முனைகள் இருக்கின்றன. இரவு முனை ஓரளவு நம் கையில். காலை முனை பள்ளி மணியின் கையிலும் கடிகாரத்தின் கையிலும் இருக்கிறது. நாம் எப்போதும் முதல் முனையைப் பற்றியே பேசுகிறோம். இரண்டாவது முனையும் அதே அளவு பேசப்பட வேண்டும் என்பது என் கருத்து. பினாங்கில் அதற்குக் கூடுதல் காரணமும் உண்டு.

எவ்வளவு தூக்கம் வேண்டும்?

6 முதல் 12 வயது வரை 9 முதல் 12 மணி நேரம். 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரம். அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016இல் வெளியிட்ட பரிந்துரை இது. 18ஐக் கடந்தவர்களுக்குக் குறைந்தது 7 மணி நேரம்.

இதை ஒரு படிவம் 4 மாணவியின் நாளில் பொருத்திப் பார்ப்போம். வேன் 6.30க்கு வருகிறது என்றால் 5.45க்கு எழ வேண்டும். குறைந்தபட்ச 8 மணி நேரம் கிடைக்க, இரவு 9.45க்குத் தூங்கியிருக்க வேண்டும். படுத்திருந்தால் போதாது, தூங்கியிருக்க வேண்டும். பிரத்தியேக வகுப்பு முடிவது 9 மணி, சில நாள் 9.30. அதன்பின் குளியல், சாப்பாடு, மறுநாளுக்கான வீட்டுப்பாடம். கைப்பேசியைத் தொடாத பிள்ளைக்கே கணக்கு இடிக்கிறது.

இதோடு உடலும் ஒத்துழைக்க மறுக்கிறது. நம் உடலுக்குள் ஏறக்குறைய 24 மணி நேரச் சுழற்சியில் ஓடும் ஒரு கடிகாரம் இருக்கிறது. அந்தக் கடிகாரத்தை உயிரணு அளவில் இயக்குவது எது என்று கண்டறிந்ததற்காகத்தான் ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ரோஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகிய மூவருக்கும் 2017இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. இருட்டியதும் மூளையில் மெலடோனின் என்ற சுரப்பு கூடுகிறது, தூக்கத்துக்கான ஆயத்தம் தொடங்குகிறது. பருவ வயதில் இந்தச் சுரப்பு தொடங்கும் நேரமே தள்ளிப்போகிறது. சிலருக்கு 2 மணி நேரம் வரைகூட. மேரி கார்ஸ்கடன் போன்ற ஆய்வாளர்கள் இதைப் பல பத்தாண்டுகளாக அளந்து காட்டி வருகிறார்கள். தம்பி ஒன்பது மணிக்கே சுருண்டு விழுகிறான், அக்கா பதினொன்று வரை விழித்திருக்கிறாள் என்றால், அக்கா சோம்பேறி என்று பொருளல்ல. அவள் உடலுக்கு இரவு இன்னும் தொடங்கவில்லை.

தூக்கத்தைக் காலையில் வெட்டுவதால் இன்னொரு இழப்பும் உண்டு. ஓர் இரவின் முற்பகுதியில் ஆழ்ந்த தூக்கம் மிகுதி. கனவுகள் நிறைந்த தூக்கம் பின்பகுதியில், விடியலை ஒட்டித்தான் மிகுதி. படித்ததை மூளை பதிய வைத்துக்கொள்வதில் இரண்டுக்கும் பங்கு இருக்கிறது. பின்னதற்கு, அன்றாட மனக்காயங்களை ஆற்றுவதிலும் பங்கு உண்டு என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். 8 மணி நேரத் தூக்கத்தில் கடைசி 2 மணி நேரத்தை வெட்டினால் மொத்தத்தில் கால்பங்குதான் போகிறது. கனவுத் தூக்கத்தில் அதைவிடப் பெரும் பங்கு போய்விடுகிறது. தேர்வுக்கு முந்தைய நாள் 4 மணிக்கு அலாரம் வைக்கும் நண்பர்கள் இதைக் கவனிக்கலாம்.

உடல்நலம் என்று வரும்போது எனக்கு மறக்காத ஆய்வு ஒன்று உண்டு. 2015இல் வெளியானது. அமெரிக்காவில் 164 பேரின் தூக்கத்தை ஒரு வாரம் அளந்துவிட்டு, அவர்கள் மூக்கில் சளிக்கிருமியைச் சொட்டினார்கள். 7 மணி நேரத்துக்கு மேல் தூங்கியவர்களோடு ஒப்பிட்டால், 6 மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கியவர்களுக்குச் சளி பிடிக்கும் வாய்ப்பு நான்கு மடங்குக்கும் கூடுதலாக இருந்தது.

இன்னொன்று சாலையைப் பற்றியது. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனமும் அனிச்சைச் செயலும், இரத்தத்தில் 0.05 விழுக்காடு மது உள்ளவருக்கு இருக்கும் அளவுக்கு மந்தமாகிவிடுகின்றன என்று சோதனைகள் காட்டியுள்ளன. மலேசியாவில் 2020ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு வாகனமோட்டிகளுக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச அளவும் அதுவே. காலை 5.45க்கு எழுந்த ஒருவருக்கு 17 மணி நேரம் நிறைவது இரவு 10.45க்கு. பிரத்தியேக வகுப்போ பகுதிநேர வேலையோ முடித்து, துன் டாக்டர் லிம் சோங் இயூ விரைவுச்சாலையில் மோட்டார் சைக்கிளில் வீடு திரும்பும் நேரம்.

கடிகாரம் சூரியனை முந்திய கதை

"பொழுது விடிஞ்சும் என்ன தூக்கம், மூதேவி பிடிக்கும்" என்று பாட்டிமார் எழுப்புவார்கள். பினாங்கில் ஆண்டு முழுவதும் காலை 7 மணிக்கு முன் சூரியன் உதிப்பதே இல்லை என்ற உண்மையை வைத்துக்கொண்டு அவர்களிடம் வழக்காடலாம். வெல்ல முடியாது என்பது வேறு விஷயம். சென்னையில் சூரியன் ஆண்டின் பல மாதங்களில் 6 மணிக்கு முன்பே வந்துவிடுகிறது. பாட்டியின் சொல் அந்த ஊர்க் கடிகாரத்துக்குப் பொருந்தும்.

ஏன் இந்த வேறுபாடு? பூமியின் சுழற்சிக் கணக்கில் பார்த்தால் பினாங்கின் இயல்பான நேரம் கிரீன்விச் நேரத்தைவிட 6 மணி 41 நிமிடம் முன்னால் இருக்க வேண்டும். 1905இல் ஆங்கிலேயர் மலாயாவுக்கு அதை 7 மணி நேரம் என்று முழுமைப்படுத்தினார்கள். 1933இல் 20 நிமிடம் கூட்டினார்கள். 1941இல் மேலும் 10 நிமிடம். ஜப்பானியர் ஆட்சியில் தோக்கியோ நேரமே மலாயாவின் நேரமானது. அப்போது கடிகாரம் கிரீன்விச்சை 9 மணி நேரம் முந்தியது. பினாங்கில் சூரியன் 8 மணிக்குப் பிறகே உதித்திருக்கும். 1945இல் பழையபடி ஏழரை மணி நேரத்துக்குத் திரும்பினோம். 1982 ஜனவரி முதல் நாள், தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் சபா, சரவாக்கோடு ஒன்றாக வேண்டும் என்பதற்காக அரை மணி நேரம் முன்னே நகர்த்தப்பட்டது. டாக்டர் மகாதீர் பிரதமராகி அப்போது ஓராண்டுகூட ஆகவில்லை. சிங்கப்பூரும் உடன் மாறியது.

நாட்டின் இரு பகுதிகளும் ஒரே நேரத்தைப் பார்ப்பதில் நியாயம் இருக்கிறது. அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதன் விலையை மேற்கு ஓரத்தில் இருப்பவர்களே அதிகம் கொடுக்கிறோம். கோத்தா கினாபாலுவில் சூரியன் நம்மைவிட ஏறக்குறைய ஒரு மணி நேரம் முன்பே உதிக்கிறது. பினாங்கின் கடிகாரமோ சூரியனைவிட சராசரியாக 1 மணி 19 நிமிடம் முந்தி ஓடுகிறது. ஆக, நம் பள்ளி மணி 7.30க்கு ஒலிக்கும்போது சூரியக் கணக்கில் நேரம் 6.11. சூரியக் கணக்கில் 6.11க்கு இயற்பியல் பாடம் என்று சொல்லிப் பாருங்கள், ஆசிரியருக்கே கொட்டாவி வரும்.

பட்டர்வொர்த்திலிருந்து கொமுட்டர் ரயில் ஏறி பாடாங் பெசார் வரை போனவர்களுக்கு இது தெரியும். எல்லையைத் தாண்டியதும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னே தள்ள வேண்டும். ஹாட்யாய் நமக்கு நேர் வடக்கே, ஏறக்குறைய அதே தீர்க்கக் கோட்டில் இருக்கிறது. நமக்கு விடியும் அதே வேளையில்தான் அங்கும் விடிகிறது. நம் கடிகாரத்தில் மணி ஏழரை, அவர்கள் கடிகாரத்தில் ஆறரை. மலாக்கா நீரிணைக்கு அந்தப் பக்கம் மேடானிலும் அப்படித்தான்.

கடிகாரம் எதைக் காட்டினால் என்ன, சீக்கிரம் படுத்தால் சரியாகிவிடுமே என்று கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன், ஆய்வுகளைப் படிக்கும் வரை. உடல் படுக்கப் போவது பெரும்பாலும் இருட்டைப் பார்த்து. எழுவது அலாரத்தைப் பார்த்து. கடிகாரப்படி சூரியன் தாமதமாக மறையும் ஊரில் படுக்கும் நேரம் தள்ளிப்போகிறது, எழும் நேரம் தள்ளிப்போவதில்லை. இந்தியா முழுவதற்கும் ஒரே நேரம் என்பதால் கிழக்கே அசாமில் சீக்கிரம் இருட்டுகிறது, மேற்கே குஜராத்தில் வெகுநேரம் கழித்தே இருட்டுகிறது. இதை ஆராய்ந்த பொருளியலாளர் மௌலிக் ஜக்னானி, சூரியன் ஒரு மணி நேரம் தாமதமாக மறையும் இடங்களில் பிள்ளைகளின் தூக்கம் ஏறக்குறைய 30 நிமிடம் குறைவதாகக் கண்டார். அந்தப் பிள்ளைகள் பள்ளியில் கழிக்கும் ஆண்டுகளும் குறைகின்றன. ஏழைக் குடும்பங்களில் பாதிப்பு கூடுதல். அமெரிக்காவில் நேர மண்டல எல்லைகளின் இரு பக்கமும் வாழ்பவர்களை ஒப்பிட்ட 2019ஆம் ஆண்டு ஆய்வில், தாமதமாக இருட்டும் பக்கத்தினர் சராசரியாக 19 நிமிடம் குறைவாகத் தூங்கியது தெரிந்தது.

பினாங்கில் சூரியன் மறைவது மாலை 7 மணியை ஒட்டி. ஆண்டின் சில மாதங்களில் 7.30ஐத் தாண்டி. திடலில் காற்பந்து முடிந்து பிள்ளைகள் வீடு வருவதே அதன்பிறகுதான்.

மணியை நகர்த்தியவர்கள்

கடிகாரத்தை இனி யாரும் பின்னே தள்ளப்போவதில்லை. சபா, சரவாக், சிங்கப்பூர், வங்கி, பங்குச்சந்தை என்று அதில் கட்டப்பட்டவை ஏராளம். பள்ளி மணி அப்படியல்ல.

நமக்கு மிக நெருங்கிய எடுத்துக்காட்டு சிங்கப்பூரின் நன்யாங் மகளிர் உயர்நிலைப்பள்ளி. நம்மைப் போலவே சூரியனை முந்திய கடிகாரம், நம்மைப் போலவே தேர்வு, பிரத்தியேக வகுப்பு என்று ஓடும் சமூகம். 2016இல் அந்தப் பள்ளி தொடங்கும் நேரத்தை 7.30லிருந்து 8.15க்கு மாற்றியது. டியூக்-என்.யு.எஸ். மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் மாணவிகளின் தூக்கத்தை மாற்றத்துக்கு முன்னும் பின்னும் அளந்தார்கள். ஒரு மாதத்துக்குப் பிறகு படுக்கையில் கழிக்கும் நேரம் 23 நிமிடம் கூடியிருந்தது. பகலில் தூங்கி வழிவது குறைந்தது, மனநிலையும் மேம்பட்டது. ஒன்பது மாதம் கழித்துப் பார்த்தபோது தூக்கத்தில் கிடைத்த கூடுதல் 10 நிமிடமாகச் சுருங்கியிருந்தது.

45 நிமிடம் கொடுத்து 10 நிமிடம்தானா என்று சிலர் சிரிக்கலாம். படுக்கும் நேரம் மெல்லத் தள்ளிப்போனதை இந்த எண் காட்டுகிறது. மணியை மட்டும் மாற்றிவிட்டு இரவு முனையை அப்படியே விட்டால் இதுதான் நடக்கும். சியாட்டில் நகரில் 2016இல் உயர்நிலைப்பள்ளிகள் 7.50லிருந்து 8.45க்கு மாறியபோது மாணவர்களின் தூக்கம் 34 நிமிடம் கூடியதாக இன்னோர் ஆய்வு சொல்கிறது. கிடைப்பது ஊருக்கு ஊர் மாறும். ஆனால் இரண்டு இடத்திலும் கூடியிருக்கிறதே தவிர குறையவில்லை.

அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம், இடைநிலை, உயர்நிலைப் பள்ளிகள் 8.30க்கு முன் தொடங்கக்கூடாது என்று 2014இல் பரிந்துரைத்தது. கலிபோர்னியா மாநிலம் அதை ஒட்டிச் சட்டமே இயற்றி 2022 ஜூலையில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. புளோரிடாவும் 2023இல் அப்படியொரு சட்டம் இயற்றியது. பேருந்து அட்டவணை, செலவு என்று மாவட்டங்கள் முறையிட, நடைமுறைக்கு வருமுன்பே 2025இல் அதைத் திரும்பப் பெற்றுவிட்டது. எனக்கு கலிபோர்னியாவைவிட புளோரிடாதான் நமக்குப் பாடம் என்று தோன்றுகிறது. அங்கே தூக்கத்தைப் பற்றிய அறிவியல் தோற்கவில்லை. பேருந்துக் கணக்கு சரிவரவில்லை.

நம் பேருந்துக் கணக்கு என்ன? பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் காலை 7 மணி ஷிப்டுக்குப் போகும் அம்மா, பிள்ளையை வேனில் ஏற்றிவிட்டுத்தான் தொழிற்சாலைப் பேருந்தைப் பிடிக்க முடியும். பள்ளி 8.15க்கு என்றால் அந்த இடைப்பட்ட நேரத்தில் பிள்ளையை யார் பார்ப்பது? ஒரே வேன் மூன்று பள்ளிகளுக்குச் சுற்றுகிறது; முதல் சுற்று முடிந்தால்தான் இரண்டாவது சுற்று. இடப்பற்றாக்குறையால் இன்னும் பல பள்ளிகளில் காலை, பிற்பகல் என இரு பிரிவுகள். காலைப் பிரிவு தள்ளினால் பிற்பகல் பிரிவு இரவை எட்டும். பிற்பகல் வெயிலில் வகுப்பறை எப்படி இருக்கும் என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. சுபுஹு தொழுகைக்காக எப்படியும் அதிகாலையில் எழும் குடும்பங்களுக்கு இந்த மாற்றம் பெரிதாகத் தோன்றாமலும் போகலாம். இவை எல்லாம் நியாயமான தடைகள். "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஒழுக்கம் இல்லை" என்பது மட்டும் தடையல்ல, சாக்கு.

ஆகவே 8.30 என்று ஒரே தாவாகத் தாவ நான் சொல்லமாட்டேன். ஒரே பிரிவாக இயங்கும் இடைநிலைப்பள்ளிகளில், படிவம் 4, 5 மாணவர்களுக்கு மட்டும், 8 மணி என்று ஓராண்டு முயன்று பார்க்கலாம். அவர்கள்தாம் உடற்கடிகாரம் மிகவும் தள்ளிப்போன வயதினர். தனியாக வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பத் தெரிந்தவர்கள். தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் இயல்பாகவே சீக்கிரம் எழுவார்கள், அவர்களை இப்போதைக்கு விட்டுவிடலாம். அதற்கும் கல்வி அமைச்சு மனம் வைக்க வேண்டும். அதுவரை, மாதச் சோதனைகளை முதல் பாடவேளையில் வைக்காமல் ஓய்வு வேளைக்குப் பிறகு வைப்பதற்குப் பள்ளியே முடிவெடுக்கலாம்.

பல்கலைக்கழகத்தில் எங்களுக்கு இந்தச் சாக்கும் இல்லை. விரிவுரை சில நாள் பத்து மணிக்குத்தான். ஆனாலும் மாமாக் கடையில் இரவு ஒரு மணிக்கு கோப்பி ஓ குடித்துக்கொண்டு "தூக்கமே வரலடா" என்று புலம்புகிறோம். உடலில் சேர்ந்த கேஃபினில் பாதி வெளியேறவே ஏறக்குறைய 5 மணி நேரமாகும். மாலை ஐந்து மணித் தே தாரிக்கில் பாதி பத்து மணிக்கும் உள்ளே இருக்கிறது. வார நாளில் 6 மணிக்கும் சனி, ஞாயிறு 11 மணிக்கும் எழுவது இன்னொரு கேடு. ஜெர்மானிய ஆய்வாளர் டில் ரோன்னபெர்க் இதைச் சமூக விமானக் களைப்பு என்ற பொருளில் பெயரிட்டார்; வாரந்தோறும் துபாய்க்குப் போய்த் திரும்பியது போல உடல் குழம்புகிறது. வார இறுதியில் ஒரு மணி நேரம், மிஞ்சினால் இரண்டு, கூடுதலாகத் தூங்கலாம். பள்ளி மாணவர்கள் ஓய்வு வேளையில் சிற்றுண்டிச்சாலைக்குள் அடைந்துகிடக்காமல் பத்து நிமிடமாவது வெளிச்சத்தில் நின்றால், விடியுமுன் கிளம்பி வந்த உடலுக்குப் பகல் தொடங்கிவிட்டது என்று தெரியும். மதியம் 20 நிமிடம் கண்ணயர்வதில் தவறில்லை. மாலை ஆறு மணிக்குப் படுத்தால் இரவு போய்விடும்.

ஒவ்வொரு பள்ளியிலும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் ஆண்டுக்கூட்டம் நடக்கும். சிற்றுண்டிச்சாலை விலை, கழிப்பறை, பரிசளிப்பு விழா என்று பேச்சு போகும். இந்த ஆண்டு ஒருவர் எழுந்து மூன்று கேள்விகள் கேட்கலாம். இங்கே படிக்கும் பிள்ளைகளில் வேன் மிகச் சீக்கிரம் ஏற்றும் பிள்ளை எத்தனை மணிக்கு ஏறுகிறது? நேற்றிரவு படிவம் 5 வகுப்பில் எத்தனை பேர் 8 மணி நேரம் தூங்கினார்கள்? முதல் இரண்டு பாடவேளையில் எத்தனை பேர் மேசையில் தலை சாய்க்கிறார்கள்? பதில்களைத் திரட்ட ஒரு வகுப்புக்கு ஒரு தாளும், கணக்கெடுக்க ஒரு மாணவர் தலைவரும் போதும்.